வீமனுக்கு ஆங்கிலம் தெரியாது

அனுப்புநர்:
திருமதி சந்திரவதனா மகேஸ்வரன்,
கொண்டோ இலக்கம் 1107,
மோர்னிங்சைட், ஸ்காபரோ,
ரொறன்ரோ.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
முறைப்பாட்டுப் பிரிவு,
மாகாண மிருக வைத்தியர் ஒழுக்காற்று மன்றம்,
ரொறன்ரோ.

விடயம்: என் நாய் வீமனுக்கு மூளைக் கோளாறு என்றும், அவன் கடிக்கக்கூடியவன் என்றும் டொக்டர் ராகுலன் எழுதிய கருத்தை நீக்குவித்தல், மார்ச் 20ஆம் திகதிக்கு முன்னர் வீமனைத் தமிழில் மறுபரிசோதனை செய்வித்தல்.

மதிப்புக்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

உங்கள் முறைப்பாட்டுப் படிவத்தின் அடியில், விரும்பிய மொழியில் எழுதலாம், மொழிபெயர்த்துக்கொள்வோம் என்று போட்டிருக்கிறது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்கப்போகும் அன்பருக்கு ஒரு வேண்டுகோள்: நான் கோபமாக எழுதிய இடங்களைக் கோபமாகவே மொழிபெயர்க்கவும். தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டாம்.

1. எனக்கு வயது அறுபத்துநான்கு. பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் கணவர் மகேஸ்வரன் நான்கு வருடங்களுக்கு முன் காலமானார். அவர் ஏழு வருடங்களுக்கு முன் ஒரு குளிர்நாளில் தன் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டிதான் வீமன். இப்போது வீட்டில் நானும் வீமனும் மட்டும் இருக்கிறோம்.

2. வீமன் கலப்பினம், மண்ணிறம், இருபத்தெட்டு கிலோ. நான் 'இரு' என்றால் இருப்பான். 'கிட' என்றால் கிடப்பான். 'பொறு', 'இஞ்ச வா', 'அங்கால போ', 'செருப்பை விடு', 'ஆ காட்டு' எல்லாம் அவனுக்கு விளங்கும். 'ஆரோ வருகினம், சத்தம் போடாதை' என்று நீட்டிச் சொன்னாலும் விளங்கும். எழுத வாசிக்கத் தெரியாது என்பதைத் தவிர, அவனுடைய தமிழில் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்தக் கட்டடத்தில் ஏழு வருடமாக லிஃப்றில் ஏறி இறங்குகிறான். இன்றுவரை ஒருவரையும் கடித்ததில்லை.

3. டொக்டர் ராகுலனிடம் நான் போனதற்குக் காரணம் தமிழ்ப் பத்திரிகையில் வந்த அவருடைய விளம்பரம். வெட்டி இணைத்திருக்கிறேன். 'தமிழில் சேவை' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தச் சேவை எனக்கு மட்டுந்தானா, நாய்க்கும் உண்டா என்று அதில் சொல்லவில்லை. நானும் கேட்காமல் போய்விட்டேன்.

4. ஜனவரி 14ஆம் திகதி வருடாந்தத் தடுப்பூசிக்காக வீமனைக் கொண்டுபோனேன். டொக்டர் என்னோடு தமிழில் சுகம் விசாரித்தார். பிறகு நாயின் பக்கம் திரும்பி ஆங்கிலத்துக்கு மாறினார். நான் 'இரு' என்பதற்கு அவர் 'சிற்' என்றார். வீமன் நின்றான். 'டவுன்' என்றார். வீமன் என் முகத்தைப் பார்த்தான். அவனை 'விம்' என்று வேறு கூப்பிட்டார். எங்கள் ஊரில் அது பாத்திரம் தேய்க்கும் தூளின் பெயர். நாய் திரும்பிப் பார்க்காததில் என்ன அதிசயம் என்று எனக்குத் தெரியவில்லை. டொக்டர் பின்னால் நின்று கைதட்டினார், வீமன் உடனே திரும்பினான். இதிலிருந்து அவர் கண்டுபிடித்தது: காது கேட்கிறது, சொல்வது விளங்கவில்லை, ஆகவே மூளையில் கோளாறு. வயதான நாய்களுக்கு வரும் மறதி நோய் இவனுக்கு முன்கூட்டியே வந்துவிட்டதாம். எனக்கும்தான் சீன மொழி விளங்காது. அதற்காக யாரும் எனக்குக் குளிசை எழுதித் தரவில்லை.

5. அவனுக்குத் தமிழ்தான் தெரியும் என்று நான் அந்த அறையிலேயே இரண்டு தடவை சொன்னேன். நாய்க்கு மொழி கிடையாது, குரலின் தொனி மட்டும்தான் என்று டொக்டர் சிரித்தார். பத்து நிமிடம் கழித்து, கதவடியில் வைத்து, அவர் எனக்குச் சொன்ன ஆலோசனையை அப்படியே தருகிறேன்: "அன்ரி, ரெண்டு லாங்குவேஜ் எண்டால் அதுக்குக் கன்ஃபியூஷன். வீட்டிலை இங்கிலீஷ் மட்டும் கதையுங்கோ." மொழியே இல்லாத நாயை இரண்டு மொழி எப்படிக் குழப்பும்? இந்த இரண்டில் எது வைத்தியம், எது வாய்க்கு வந்தது என்று மன்றம் அவரிடம் கேட்டு எனக்கு அறியத்தர வேண்டும்.

6. மறதி நோய்க்கென்று டொக்டர் எழுதித் தந்த குளிசை காலையும் மாலையும். மூன்றாம் நாள் வீமன் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டான். ஐந்தாம் நாள், குட்டிக்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக, பாயில் சிறுநீர் கழித்துவிட்டு என்னைப் பார்க்க வெட்கப்பட்டு மேசைக்குக் கீழே போய்ப் படுத்தான். தொலைபேசியில் சொன்னேன். பழகிவிடும், நிறுத்த வேண்டாம் என்று பதில் வந்தது. பதினோராம் நாள் நானே நிறுத்தினேன். வைத்தியர் சொல்லைக் கேட்டுப் பதினொரு நாள் கொடுத்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் இருக்கிறது. நிறுத்தி நான்காம் நாள் வீமன் பழையபடி வாசலுக்கு ஓடி வந்தான். இதை டொக்டரின் கோப்பில் தேடிப் பாருங்கள், இருக்காது.

7. பெப்ரவரி 11ஆம் திகதி மறுபடியும் வரச்சொன்னார்கள். இம்முறை விட்பியில் இருக்கும் என் மகன் கீதன் காரில் கூட்டிக்கொண்டு போய், அறைக்குள் என்னோடு நின்றார். டொக்டர் பல்லைப் பார்ப்பதற்காக, 'ஓப்பின்' என்று சொல்லிக்கொண்டே வீமனின் வாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வீமன் உறுமினான். யாருடைய வாயைப் பிடித்து இழுத்தாலும் உறுமத்தான் செய்வார்கள், நானாயிருந்தாலும் உறுமியிருப்பேன். 'ஆ காட்டு' என்று சொல்லச் சொல்லி நான் கெஞ்சினேன். அவர் அதைக் காதில் வாங்காமல் கணினியில் தட்டத் தொடங்கினார். கட்டளைக்குப் பணிவதில்லை, எப்போது என்ன செய்யுமென்று சொல்ல முடியாது, கடிக்கக்கூடும். இவை அவர் எழுதியவை. பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா யோசியுங்கோ, அன்ரி. உவரைக் கஷ்டப்படுத்தாமல் போக விடுறதுதான் நல்லது" என்றார். கருணைக்கொலையைத்தான் சொல்கிறார் என்பது எனக்கு உடனே பிடிபடவில்லை. அதையே மகனுக்கு அவர் ஆங்கிலத்தில் சொன்னபோது, மகன் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

8. அங்கிருந்து நேரே கார் தரிப்பிடத்துக்கு வந்தோம். மகன் பார்க்கும்படியாக நான் 'கிட' என்றேன். வீமன் பனியில் கிடந்தான். 'பொறு' என்றேன். நான் காரைச் சுற்றி வரும்வரை அசையாமல் இருந்தான். 'ஆ காட்டு' என்றேன். வாயைத் திறந்தான். நான் கையை உள்ளே விட்டு, கடைவாய்ப் பல்வரை விரலால் தடவிக் காட்டினேன். அதுவரை டொக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த மகன் குனிந்து வீமனின் வயிற்றில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டார். நான் திரும்ப உள்ளே போய், வெளியே வந்து பாருங்கள் என்று டொக்டரைக் கூப்பிட்டேன். அடுத்த நாய் காத்திருக்கிறது என்றார், தான் எட்டு வருடம் படித்தவர் என்றும் சொன்னார். ஆடமாட்டாதவள் மேடை கோணல் என்றாளாம். நாயிடம் தமிழில் ஒரு சொல் சொல்ல மாட்டாதவர் நாய்க்கு மூளை கோணல் என்கிறார்.

9. இவ்வளவு கோபம் ஏன் என்று மன்றம் கேட்கலாம். சொல்கிறேன். முப்பது வருடங்களுக்கு முன் இதே ஆலோசனையை நான் ஒருமுறை கேட்டவள். கீதனுக்கு அப்போது ஐந்து வயது. வகுப்பில் பேசுவது குறைவு என்று பாடசாலையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்றார். படித்தவர், வெள்ளைத் தாளில் எழுதியும் தந்தார். நான் பணிந்தேன். அன்றைக்கு என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் இங்கே எழுதலாம்: கம், ஈற், ஸ்லீப், ஷூஸ், குயிக், நோ, குட் போய். பெற்ற பிள்ளையோடு நாய்க்குச் சொல்வதுபோல ஒற்றைச் சொல்லில் பேசி வளர்த்தேன். அவர் குழம்பவில்லை, நன்றாகப் படித்தார், நல்ல வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் வருவார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பார், நான் தாங்ஸ் என்பேன். தகப்பன் இறந்த அன்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதையோ நெடுநேரம் ஆங்கிலத்தில் சொல்லி அழுதார். எனக்குப் பாதி விளங்கவில்லை. திருப்பிச் சொல்லச்சொல்லிக் கேட்கவும் மனம் வரவில்லை. இந்த வீட்டில் நான் முழு வசனம் பேசுவது வீமனோடு மட்டும்தான். அதையும் நிறுத்தச் சொல்கிறார் டொக்டர் ராகுலன். ஒருமுறை கேட்டது போதும். இன்னொருமுறை கேட்க மாட்டேன்.

10. எங்கள் கொண்டோக் கட்டடத்தில் நாய் வைத்திருப்பவர்கள் வருடாவருடம் வைத்தியரின் படிவம் கொடுக்க வேண்டும். டொக்டர் ராகுலனின் நிலையம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மேலே சொன்ன அதே சொற்களோடு படிவத்தை நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டது. மார்ச் 20ஆம் திகதி நிர்வாகக் கூட்டம். அதற்குள் மாற்றுக் கருத்து வராவிட்டால், மாத முடிவுக்குள் நாயை அகற்ற வேண்டும் என்று கடிதம் தந்திருக்கிறார்கள். வேறு இரண்டு வைத்தியர்களிடம் போனேன். கோப்பைப் பார்த்த பிறகு, வாய்க்கூடு போட்டால்தான் தொடுவோம் என்றார்கள். வாயைக் கட்டிவிட்டுப் பார்த்தால் அவன் கடிப்பானா இல்லையா என்பது எப்படித் தெரியும்? எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது இதுதான்.

11. வீமனை எங்கே அனுப்புவது? எந்தக் காப்பகத்தில் தமிழ் தெரிந்தவர் இருக்கிறார்? அங்கேயும் 'சிற்' என்பார்கள். அவன் நிற்பான். அங்கேயும் அதே சொல்லை எழுதுவார்கள். இரண்டு இடத்தில் அப்படி எழுதப்பட்ட நாய்க்கு மூன்றாவதாக என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வீமன் செய்த குற்றம், நான் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகப் படித்தது.

ஆகவே மன்றத்திடம் நான் கேட்பது:

அ. மார்ச் 20க்கு முன்னர் உங்கள் வைத்தியர் ஒருவர் வீமனைப் பரிசோதிக்க வேண்டும். கட்டளைகளைத் தமிழில் சொல்ல வேண்டும். ஏழு சொற்களையும் உச்சரிப்போடு தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அரை மணித்தியாலத்தில் படித்துவிடலாம்.

ஆ. டொக்டர் ராகுலன் எழுதிய சொற்களைக் கோப்பிலிருந்து நீக்கி, கொண்டோ நிர்வாகத்துக்கும் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இ. வீட்டில் எந்த மொழி பேசுவது என்று இனிமேல் எவருக்கும், நாய் விடயத்திலாயினும் பிள்ளை விடயத்திலாயினும், கேட்காமல் ஆலோசனை சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிள்ளை உங்கள் அதிகாரத்துக்குள் வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.

டொக்டரிடம் மன்னிப்பு எதுவும் எதிர்பார்க்கவில்லை. திகதி நெருங்குகிறது, வீமனை என்னிடம் இருக்க விடுங்கள்.

இங்ஙனம்,
(ஒப்பம்)
சந்திரவதனா மகேஸ்வரன்

இடம்: ஸ்காபரோ
திகதி: மார்ச் 3, 2025

இணைப்பு: பத்திரிகை விளம்பரம், குளிசைப் போத்தலின் சிட்டை, கொண்டோ நிர்வாகத்தின் கடிதம், ஏழு சொற்கள் எழுதிய தாள்.

சாட்சி: (ஒப்பம்) கீதன் மகேஸ்வரன், விட்பி. 7ஆம், 8ஆம் பந்திகளில் உள்ளவற்றை நேரில் கண்டவர்.

குறிப்பு: சாட்சிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இம்மனுவில் உள்ளதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்குச் சொல்லிக் காட்டி ஒப்பம் பெற்றேன். ஒன்பதாம் பந்தியை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லுமளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை.