என் அவரையைப் பறிக்க வேண்டியவள்

மார்ச் 3

இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால்: தெருமுனைத் தபால்பெட்டியைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போன வருஷம். எதிர்வீட்டு டெய்லர் தையல் மெஷினை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்த வருஷம். மொட்டை செத்ததற்கு மறுவருஷம். மொட்டை என் அண்ணன். சின்ன வயதில் பேன் தொல்லைக்குச் சிரைத்ததில் வந்த பேர்; மனுஷன் தலை நிறைய முடியோடுதான் போனான்.

எழுதுவது என் மருமகள். எனக்கு எழுத்து தெரியாது. அச்சகத்தில் காகிதக் கட்டு சுமந்தே காலம் போயிற்று. எழுத்து தோளில் ஏறியதே தவிர தலையில் ஏறவில்லை. “ஓயாம பேசறீங்களே மாமா, எழுதியாவது வைக்கலாம்” என்று இவள்தான் ஆரம்பித்தாள். நான் ‘வந்துச்சு’ என்றால் ‘வந்தது’ என்று எழுதுகிறாள். எழுதட்டும். கொஞ்சம் படித்தவன் போல இருக்கும்.

இன்று வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், பேத்தியும் பேரனும் நானுமாக மண் கொத்தினோம். காலமெல்லாம் மாடி அறைகளிலேயே இருந்துவிட்டேன். சொந்தமாக மண் உள்ள வீடு எனக்கு இதுதான் முதல். மூன்று பாத்தி. பேத்திக்கு வெண்டையும் சாமந்தியும். பேரனுக்குத் தக்காளி, சூரியகாந்தி. எனக்கு அவரை.

மார்ச் 4

எங்கள் அம்மாவின் சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நட்டவர் பறிக்கக் கூடாது. அடுத்தவர்தான் பறிக்க வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர். வாடகை வீட்டுச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே ஆளுக்கு ஒரு சாண் பாத்தி. மொட்டை அவன் தக்காளியைப் பச்சையாகவே தின்று தீர்ப்பான். அதைப் பார்த்துத்தான் அம்மா சட்டம் போட்டாள். பெரியவன் பாத்தியை அக்கா பறிக்க வேண்டும். அக்காவுடையதை மொட்டை. மொட்டையுடையதை நான். என்னுடையதை எனக்கு இளையவள், வாலு. வாலுவுடையதைப் பெரியவன். அடுத்தவன் வாய்க்குப் போகப்போகிறது என்று தெரிந்தும் நாங்கள் தண்ணீர் ஊற்றினோம். நம் பாத்தி வாடினால் அடுத்தவன் ஏசுவானே!

வாலு ரயிலில் ஒரு ராத்திரியும் அரைப் பகலும் போகிற தூரத்தில் மகனோடு இருக்கிறாள். போனில் சொன்னேன், அவரை போட்டிருக்கிறேன் என்று. “காய்க்கட்டும், வந்து பறிக்கிறேன். உன் பாத்தி எனக்குத்தானே” என்றாள். இந்த வயதிலும் பாத்தியத்தை விடவில்லை பாருங்கள்.

மார்ச் 12

பேரனுக்கு வீட்டில் எலி என்று பேர். பேருக்கேற்ற வேலை செய்திருக்கிறான். தினமும் விதையைத் தோண்டி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் புதைக்கிறான். ஏன்டா என்றால், “தூங்குதான்னு பாத்தேன் தாத்தா” என்கிறான். அவன் பாத்தியில் மறுபடியும் விதைத்தோம்.

மார்ச் 13

என் அவரை முளைத்துவிட்டது.

ஏப்ரல் 6

பந்தலுக்குப் பழைய கட்டில் சட்டத்தை நிறுத்தினோம். வாலு போனில் ஒவ்வொன்றாக விசாரித்தாள். கொடி எந்தப் பக்கம் சுற்றுகிறது, அசுவினிப் பூச்சி விழுந்ததா, சாம்பல் தூவினாயா. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி தோற்றான். கடைசியாக, “ஏறத் தெரியாம நிக்கும், நீதான் கையப் பிடிச்சு ஏத்தி விடணும், உன்ன மாதிரிதான் உன் செடியும்” என்றாள். இன்று பூராவும் எனக்குச் சிரிப்புதான்.

நேரில் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. போன முறை பார்த்தது அவள் மகன் கல்யாணத்தில். கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. மொட்டை செத்தபோது அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. அவள் வந்தால் என் அறைக் கட்டில் அவளுக்குத்தான். நான் தரையில் படுப்பேன் என்று மருமகளிடம் இப்போதே சொல்லிவைத்தாயிற்று.

ஏப்ரல் 27

பெரிய வழக்கு. எலி கலர் பென்சிலை உடைத்துவிட்டானாம். பேத்தி பேசுவதை நிறுத்திவிட்டாள். இவளை வக்கீல் என்று கூப்பிடுவோம், எதற்கெடுத்தாலும் கேள்வி. இவள் வெண்டையை அவன் பறிக்கவேண்டும், அவன் மாட்டேன் என்கிறான். இவளாகப் பறித்துக்கொள் என்றால், சட்டப்படி நான் பறிக்கக் கூடாதே என்கிறாள். மருமகள் கத்தியோடு போனாள். இரண்டும் சேர்ந்து வழி மறிக்கின்றன. வெண்டைக்காய் முற்றி விறகாகிவிட்டது. எங்கள் அம்மா இருந்திருந்தால் இரண்டு பேர் முதுகிலும் அதாலேயே போட்டிருப்பாள்.

மே 4

அவரை பூத்துவிட்டது. ஊதாப் பூ. வாலுவிடம் சொன்னேன். டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறாளாம்.

மே 10

வாலு குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு. ஆபரேஷன் முடிந்து தகடு வைத்திருக்கிறார்கள். அவள் மகன் பேசினான். உயிருக்கு ஒன்றுமில்லை மாமா, ஆனால் இனிப் படி இறங்குவதே கஷ்டம், ரயிலெல்லாம் நினைக்கவே வேண்டாம் என்றான்.

இதை எழுதாதே என்றேன். எழுதுகிறாள். என்னத்த எழுதி — இனி எப்பப் பாக்கப் போறேன் அவள? அவ வருவா வருவான்னு ஒரு மனுஷன் உக்காந்திருந்தானே, அதையும் எழுது.

மே 18

நான் போகிறேன் என்று மகனிடம் சொன்னேன். போன வருஷம்தானே நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்தது என்று ஆரம்பித்தான். அவன் சொல்வதில் தப்பில்லை. போனிலேயே பாருங்கப்பா என்று முகம் தெரியும்படி போட்டுக் கொடுத்தான். வாலு தலையணையில் சாய்ந்திருந்தாள். பாதி நேரம் அவளுடைய நெற்றியும் என்னுடைய மூக்குமாக ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மே 25

அவரை முற்றுகிறது. யாரும் தொடவில்லை. அது வாலு பாட்டியுடையது என்று எலி வழியில் நின்று காவல் காக்கிறான்.

மே 29

காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வக்கீல் கேட்டாள்: “தாத்தா, வாலு பாட்டி பாத்திய யாரு பறிப்பாங்க?”

பெரியவன் என்றேன்.

“அவர்தான் செத்துட்டாரே. அப்ப அதுக்கப்புறம் யாரு?”

வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியவன் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. என் காயைப் பறிக்க அவள் வரவேண்டும், வரவேண்டும் என்றுதான் நான் இருந்தேனே தவிர, அவள் பக்கம் என்ன ஆயிற்று என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அண்ணன் என்று பேர்.

மத்தியானம் போன் போடச் சொல்லி அவளிடமே கேட்டேன். மாடி பால்கனியில் பெயிண்ட் வாளிகளில் எப்போதும் அவரைதான் வைக்கிறாளாம். யார் பறிப்பார்கள் என்றேன்.

“யாரும் இல்லண்ணா. அதுவா காஞ்சு வெடிச்சுக் கீழ விழும். அதையே திரும்ப ஊணுவேன்.”

மகன் வாங்கித் தருகிற காயைத்தான் சமைப்பாளாம். கணவர் இருந்த நாளில் அவர்கூடப் பறிக்கட்டுமா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாராம்.

ஐந்து பேரில் மூன்று பேர் போனபிறகு சுற்றி வந்தால், அவளுடையது என் பங்குக்குத்தானே வரும்?

மே 30

மருமகள் நேற்று ராத்திரி என் மகனிடம் என்னவோ சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்பதை எழுத மாட்டாளாம். அவன் காலையில் வந்து, நான் லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றான்.

ஜூன் 5

இன்று ரயில். என் அவரையை என்ன செய்வது என்று வீடே கூடிப் பேசிற்று. நான் பறிக்கக் கூடாது. பிள்ளைகளும் பறிக்கக் கூடாது. விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. கடைசியில் மருமகள், “பறிச்சாத்தானே மாமா தப்பு? கொடியோட அறுத்துச் சுருட்டித் தரேன், அங்க போய் அத்தை பறிச்சுக்கட்டும்” என்றாள். வக்கீல் கொஞ்சம் யோசித்து, செல்லும் என்றாள். அடியில் அறுத்து, காயும் இலையுமாக, ஈரத்துணியில் பாய் போலச் சுருட்டினார்கள். எலி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

ஜூன் 7

இன்று எழுதுவது வாலு. எங்களில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் இவள் ஒருத்திதான். மருமகள் நான் சொன்னதைத் திருத்துவாள். இவள் நான் சொல்லாததையும் எழுதப் பார்க்கிறாள்.

ரயிலில் எதிர் சீட்டுக்காரர் இது என்ன மூலிகை என்று கேட்டார். தங்கச்சி பறிக்கவேண்டிய அவரைக்காய் என்றேன். என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாடி ஏற நேரம் பிடித்தது. வாலு நாற்காலியில் இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “காது ரெண்டும் இவ்வளவு பெருசாயிடுச்சே உனக்கு” என்றாள். அழுதது நான்தான். (ஆமாம், எழுது.)

வாடிப்போன கொடியை அவள் மடியில் விரித்தேன். இலையை விலக்கி விலக்கி ஒவ்வொன்றாகப் பறித்தாள். “முத்த விட்டுட்டியே, அப்பவும் இப்படித்தான்.” பறிக்க வேண்டியவள் வராவிட்டால் முற்றாமல் என்ன செய்யும் என்றேன். நான் பால்கனியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவளுடையதைப் பறித்தேன். பாதி காய்ந்திருந்தது, தொட்டதும் வெடித்து விதை தரையில் ஓடியது. அவள் பேரப்பிள்ளைகள் எதிர்த்துப் பேசக் கூடாத ஏதோ நடப்பதுபோல வாசலிலேயே நின்று பார்த்தார்கள்.

சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தோம். பெரியவன் குவாரி லாரி கவிழ்ந்ததில் போனான். அக்கா இரண்டாவது பிரசவத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மொட்டை தூக்கத்திலேயே. அவன் பாத்தியைக் கடைசியாக நான் எப்போது பறித்தேன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறாள். “அப்புறம்? மிச்சம் ரெண்டு பேருன்னு போடவா?”

வேண்டாம். உன் பேரை மட்டும் போடு என்றேன்.

“ஏன், நீ எங்க போறே?”

நான் எங்கேயும் போகவில்லை. ஆனால் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று என்னை யாராவது கேட்டால், ஒருவன் தன்னையே சேர்த்துச் சொல்வானா? போடு.

வாலு.