பத்தொன்பது கல்லும் ஒரு வாசற்படியும்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். இந்தக் கடிதத்தையாவது பிரித்துப் படி. நிலம் நம் இருவர் பேரிலும் இருப்பதால், நிலத்தைச் சமன்படுத்தும் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு தாள் வந்திருக்கிறது. நம் காட்டில் நிற்கிற பழங்காலக் கல்வட்டத்தை எடுத்துவிட்டு உழவுக்குச் சேர்க்கப் போகிறார்களாம். ‘அந்த இடம் சும்மா கிடக்கிறது’ என்று நீ சொன்னதாக எழுதி, கீழே உன் கோணல் கையெழுத்தும் இருக்கிறது.

ஒரு கல்லை நான் எடுத்ததற்கே முப்பத்தொரு வருடமாக என் வாசலை மிதிக்காதவள் நீ. மனம் மாறிவிட்டாயா? வேண்டாமென்றால் ஒரு வரி எழுது, ஓடிப்போய் நிறுத்துகிறேன். பதினெட்டாம் தேதிக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். நீ பேசாமலிருந்தால் சம்மதம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவேன். இந்த ஒரு தடவையாவது உன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது, பார்.

தபாலை எதிர்பார்க்கும்
தம்பி


ஏப்ரல் 9

டேய்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. பேத்தி பிறந்திருக்கிறாள் என்று மகள் வீட்டுக்குப் போய் இருபது நாள் இருந்துவிட்டு வந்தேன். பையைக் கீழே வைக்குமுன் காட்டைப் பார்த்தேன். பத்தொன்பது கல்லும் இல்லை. வாய்க்கால் கரைக்கு ஜல்லியாக உடைத்துக் கொட்டியிருக்கிறார்கள். இரட்டைக் கல், படுத்த கல், ஏழு வயதில் நீ ஏறி விழுந்து பல் உடைத்துக்கொண்ட நெட்டைக் கல், எல்லாம் ஜல்லி. மெஷின்காரனைக் கேட்டால், “உங்க தம்பியே கையெழுத்துப் போட்டிருக்காரும்மா” என்கிறான்.

அன்று ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் புது வீட்டுக்கு வாசற்படி போட்டாய். செவ்வாய்க்கிழமை, நீலச் சட்டை, கை முட்டியில் கிழிசல். மறந்திருப்பேன் என்றா நினைத்தாய்? இன்று மிச்சத்தையும் முடித்துவிட்டாய்.

ஆள்காட்டிக் குருவி அந்தக் கல்லிடுக்கில்தான் முட்டையிடும். சரளைக்கல் மாதிரியே இருக்கும், அப்பா கண்ணுக்கு மட்டும் தெரியும். கலப்பையை வளைத்துத் திருப்பிக்கொண்டு, “சும்மா விடுங்கடா, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்பார். அந்த ஜோடி காலையிலிருந்து கத்திக் கத்திச் சுற்றுகிறது. இறங்க இடம் தெரியவில்லை.

இதன் கீழே கையெழுத்துப் போட மாட்டேன். யார் என்று உனக்குத் தெரியும்.


ஏப்ரல் 15

அக்கா,

கார்டில் எழுதுகிறேன், பிரிக்க ஒன்றும் இல்லை. என் கடிதங்களை நீ அப்படியே தகர டப்பாவில் போட்டுவிடுவாய் என்று உன் மகள் ஒருமுறை சொன்னாள். அதைத் திற. மார்ச் இரண்டாம் தேதிக் கடிதத்தைப் படி. பதினெட்டு வரைக்கும் தினமும் அந்த வாசற்படியில் உட்கார்ந்துதான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு கல் இருக்கிறது. லாரியில் ஏற்றி அனுப்பட்டுமா?

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

திறந்தேன். உன் மார்ச் கடிதம் மேலேயே கிடந்தது. திரும்பத் திரும்பப் படித்து முடிக்க ஒரு மதியம் ஆயிற்று.

பிப்ரவரியில் அதிகாரி ஒருவர் வந்தார்.

“இந்தக் கல்லெல்லாம் எதுக்கும்மா?”

“எதுக்கும் இல்லீங்க. சும்மா கிடக்கு.”

“எவ்வளவு நாளா?”

“எங்க பாட்டன் காலத்துலேருந்தே சும்மாதான் விட்டிருக்கோம்.”

சிரித்துக்கொண்டே எழுதினார். காட்டிய இடத்தில் பேரை எழுதினேன். அப்பா சொன்ன சொல்லைத்தான் பெருமையாகச் சொன்னேன். தாளில் ஏறினால் அதற்கு வேறு அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ கேட்டும் பார்த்திருக்கிறாய். ரோஷத்தில் அதையும் மூடி வைத்தேன்.

யார் எப்போது என்ன தப்பு செய்தார்கள் என்று எனக்கு மனப்பாடம். அதில் என் பேர் மட்டும் இல்லாமல் இருந்தது.

குருவி உழுத மண்ணிலேயே முட்டையிட்டது. நான்கு. டிராக்டர் வந்தபோது கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். என் கால் எங்கே ஓடுகிறது? போய்ச் சேருமுன் நான்கின் மேலும் சக்கரம் ஏறிவிட்டது.

கல்லை அனுப்பாதே. முப்பத்தொரு வருடம் திருட்டுக் கல் என்று திட்டினேன், நீ திருடியதால் ஒன்றாவது மிஞ்சியது. அங்கேயே இருக்கட்டும். வாசலை மட்டும் பக்கத்தில் மாற்றிக்கொள், இனி யாரும் அதை மிதிக்க வேண்டாம். என்னை வரச் சொல்லாதே. அதைப் பார்க்க எனக்கு முகமில்லை.

யாராவது வந்து அது எதற்கு என்று கேட்டால், சும்மா கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதேடா.

அக்கா