உறை கழற்றிய பதினெட்டு ஸ்டூல்கள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இதை யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை அம்மாடி, இப்போதுதான் எழுத்துக் கற்றுக்கொண்ட என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு எழுத்து மேட்டில் ஏறும், அடுத்தது பள்ளத்தில் விழும், கோழி கிளறியது மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. இந்த நாலு வரிக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவதைப் பார்த்துவிட்டு உங்க அம்மா, பேனாவா உளியா என்று கேட்கிறாள். நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதே மாதிரி இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இந்த முறை மளிகைக் கடைக்காரரிடம் கொண்டுபோகவில்லை. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு நாள் ஆனது. பேக்கரி திறந்து நாலு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறாய் என்று படித்து உச்சி குளிர்ந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் வயிறு எரிந்தது. எட்டு மணி நேரம்தான் வேலை, வாரம் ஒரு நாள் லீவு, உட்கார ஸ்டூல் வேறு போட வேண்டுமாம், சட்டம் எழுதினவங்க வந்து ஒரு நாள் கடை நடத்திப் பார்க்கட்டும், கவுண்டரில் நிற்கத்தானே சம்பளம் தருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைச் சொல்கிறேன். கடைக்காரர் படித்திருந்தால் கடகடவென்று ஓடியிருக்கும், நானும் தலையாட்டியிருப்பேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்ததில் ஒவ்வொரு எழுத்தும் தைத்தது.

எங்கள் லாண்டரியில் ஸ்டோர் ரூமில் பதினெட்டு ஸ்டூல் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கியிருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை லேபர் ஆபீசர் வருவார். வருகிறார் என்று முதல் நாளே முதலாளிக்குத் தெரிந்துவிடும். உடனே ஸ்டூலை எடுத்துப் போடு என்பார். நான்தான் உறையைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று போடுவேன். எல்லோரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். ஆபீசர் கார் திரும்பியதும் எழுந்துவிடுவோம், நான் மறுபடி உறை போட்டு அடுக்குவேன். பதினோரு வருஷமாக இதைச் செய்கிறேன். அது ஆபீசருக்குக் காட்டுகிற மரியாதை என்றே நினைத்திருந்தேன், அவர் முன்னால் நின்றால் அவருக்குச் சங்கடமாக இருக்குமாம் என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாய்லருக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நோட்டீஸ் மாட்டியிருக்கும். ஆவி படிந்து மங்கும், வாரா வாரம் சோப்புப் பெட்டி மேல் ஏறித் துடைப்பதும் என் வேலைதான். போன மாதம் துடைத்த கை அப்படியே நின்றது. ஒரு வார்த்தை புரிந்துவிட்டது. இருக்கை. மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் ஏறி ஏறி முழுவதும் படித்தேன். நின்று வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு இருக்கை தர வேண்டும் என்று போட்டிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்றும் போட்டிருக்கிறது. சட்டத்தைப் பளபளவென்று துடைத்து வைத்தவன் நான், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாதவனும் நான்.

மடிப்பு மேசையில் ஒரு பெண் இருக்கிறாள், நாங்கள் வெடிச்சிரிப்பு என்றுதான் கூப்பிடுவோம். ஏழு மாதம். போன திங்கட்கிழமை கால் வீங்கி நிற்க முடியாமல் மடித்த ஹோட்டல் விரிப்புக் கட்டின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் சூப்பர்வைசர் ஒரு தாளும் மைப்பெட்டியுமாக வந்தான். பிரசவ லீவுக்கான தாள், கைநாட்டு வை என்றான். அவள் விரலை மையில் வைத்துவிட்டாள். நான் போய், கொடுப்பா, படிக்கிறேன் என்றேன். உனக்கு எதுக்கு பெரியவரே இந்த வேலை, போய் இஸ்திரியைப் பார் என்றான். தாள் அதற்குள் என் கையில். நான் படிக்கிற வேகம் உனக்கே தெரியும், ஆளாளுக்கு மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள், அவனுக்கு வந்த டீ ஆறிப்போனது. சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன் என்று முடித்தேன். அவள் ஹால் அதிரச் சிரித்தாள். என் விருப்பத்தை எனக்கே சொல்லாம எழுதிட்டீங்களேய்யா என்றாள். அப்புறம் மை பட்ட விரலைப் புடவையில் தேய்த்துத் தேய்த்து அழுதாள். அவள் வீட்டுக்காரனுக்கு வேலை இல்லை, இந்தச் சம்பளம்தான் அடுப்பு எரிக்கிறது.

முதலாளி வந்தார். அவரையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன், ஹோட்டல்காரன் விரிப்புக்கு அஞ்சு வருஷமாக அதே காசுதான் தருகிறான், சோப்பு விலையும் டீசல் விலையும் நிற்கவில்லை. சட்டப்படி நடந்தா நாளைக்கே ஷட்டரை இறக்கணும் பெரியவரே, பக்கத்துத் தெருக்காரன் ஒன்றையும் மதிக்கிறதில்லை, அவனுக்குத்தான் ஆர்டர் போகுது என்றார். நியாயம்தான். பக்கத்துத் தெருவுக்கும் அந்த ஆபீசர் சொல்லாமல் போகட்டும். ஆனால் நான் கேட்டேன், ஸ்டூல் வாங்கின காசு பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே போச்சே முதலாளி, உட்கார்றதுக்கு இன்னும் என்ன செலவு. கேட்டுவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போனேன். ஒன்றை எடுத்து வந்து உறையைக் கிழித்து அவள் மேசையில் போட்டேன். உட்காரும்மா என்றேன். பிறகு ஒவ்வொருவராகப் போய் எடுத்து வந்தார்கள். அன்றைக்கும் அதே எண்ணிக்கை விரிப்புதான் மடித்தோம். ஹாலில் நின்றுகொண்டிருந்தவர் முதலாளி ஒருவர்தான்.

அந்தத் தாள் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வியாழக்கிழமை ஐந்து பேர் லேபர் ஆபீசுக்குப் போகிறோம், அதுவரை அவள் வேலைக்கு வருகிறாள். அடுத்த தாள் உனக்குத்தான் என்று சூப்பர்வைசர் என்னிடம் சொன்னான். வரட்டும், படித்துப் பார்க்கிறேன்.

இப்போது உன் விஷயம். உங்க அம்மா இருபத்தாறு வருஷம் அதே மடிப்பு மேசையில் நின்றவள். முழங்காலுக்குக் கீழே பச்சை நரம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்குமே, ஸ்கூல் விட்டு வந்து எண்ணெய் தடவி அமுக்கிவிட்டது நீதானே. அது வயசானதால் வந்தது என்று நினைத்தாயா? கடைசி வருஷங்களில் அவளுக்கும் ஒரு ஸ்டூல் அங்கேயே உறைக்குள் இருந்தது. இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நாலு ஸ்டூல் வாங்கச் சொல்லுங்க, உறை இல்லாமல் என்றாள்.

பேக்கரி செழிக்கட்டும், பேத்தி நன்றாகப் படிக்கட்டும், அடுப்புச் சூட்டில் நீயும் ரொம்ப நேரம் நிற்காதே. பேனாவில் மை இருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமையும் எழுதுவேன். அதற்குள் அந்த நாலு பெண்களும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆசியுடன்,
அப்பா
(கைநாட்டு இல்லை, பார்த்துக்கொள்)