ஆறில் ஒரு சிலிண்டர்

ஐப்பசி 12, செவ்வாய்.

இன்று மலையிலிருந்து போளூருக்கு இறங்கினேன். என் பழைய டர்போ காரின் ஆறு சிலிண்டர்களில் ஒன்றின் உள்துளையை, புது பிஸ்டன் வருமுன்பே பெரிதாகக் கடைந்து வைத்திருக்கிறான் பட்டறைக்காரன் செல்வம்.

"பெருசா போட்டா மலையில பிச்சிக்கினு ஏறும்ண்ணே!"

"இன்னாடா பேசற? தண்ணி ஓடாத இன்ஜின், காத்துதான் ஆத்தணும். சுவரு மெலிஞ்சா சூட்டுல வெடிச்சிடும். மீதி அஞ்சுல கை வெக்காத."

"புளி யாவாரி எனக்கு பாடம் எடுக்கறாரு" என்று என் தொழிலைச் சொல்லிச் சிரித்தான்.

மற்ற ஐந்தையும் பிஸ்டனைக் கையில் வைத்து அளந்த பிறகே, தேவையான அளவு மட்டும் கடையச் சொல்லிவிட்டேன். கெட்டுப்போன அந்த ஒன்றுக்கு மாற்று சிலிண்டர் எங்கிருந்தாலும் பிடித்துவிடுவேன். வண்டி மலைமேல் என் ஊர் ஜமுனாமரத்தூருக்கு ஏறும், அதில் சந்தேகமில்லை. செல்வத்தைத் திட்டியதுதான் உறுத்துகிறது. போன வாரம் போனில், "தாராளமா கடைடா" என்று சொன்னவன் நான்தான். நான் திட்டியபோது அதை அவன் சொல்லிக் காட்டவே இல்லை.