எந்தக் கையில் பிடிப்பது, அக்கா?

பாசமுள்ள வசந்தாக்காவுக்கு,

நீ சிரிக்கப் போகிறாய். நான் போலோ கற்றுக்கொள்கிறேன். பனியன் கம்பெனியில் காலர் வைத்துத் தைக்கிற போலோ இல்லை; குதிரை மேல் உட்கார்ந்து நீளக் கம்பால் பந்தை அடிக்கிற போலோ. ஆமாம், கல்யாண ஊர்வலத்தில் மட்டுமே குதிரையைப் பார்த்திருந்த உன் தங்கச்சிதான்.

நானாகத் தேடிப் போகவில்லை. ஆறு மாதத்துக்கு முன் எங்கள் கம்பெனியில் போலோ டீ-ஷர்ட் ஆர்டர் குவிந்து கிடந்தது, தையலுக்கு ஆள் போதவில்லை. அருள்புரம் தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் 'போலோ பயிற்சி அளிக்கப்படும்' என்று போர்டு. டெய்லர் பயிற்சி நிலையம் என்று நினைத்து ஸ்கூட்டரை உள்ளே விட்டுவிட்டேன். நம் ஊர்க்காரிக்கு வேறு என்ன தோன்றும், சொல்.

அங்கே முட்டி வரைக்கும் பூட்ஸ் போட்ட ஒருவர் நின்றிருந்தார். "ஏனுங்க, காலர் நல்லா வெக்கத் தெரிஞ்ச டெய்லருங்க எத்தன பேரு இருக்காங்க?" என்று கேட்டேன். அவர் என்னையும் பின்னால் நின்ற குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேணம் வேணும்னா இருக்குதுங்கக்கா, காலர் இல்லீங்க" என்றார்.

வெள்ளகோவில்காரர், பெயர் துரைசாமி. ராணுவத்தில் குதிரைகளோடு இருந்துவிட்டு வந்து அந்தக் கிளப்பில் பயிற்சி கொடுக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் குதிரையே மிரண்டது. நீ போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டேன். "கீழ உழுந்து கைகால ஒடச்சுக்கிட்டா நாந்தான் சோறாக்கோணுமா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கவலை அவருக்கு.

முதல் நாள் ஒரு மரக்குதிரை மேல் உட்கார வைத்துக் கம்பை நீட்டினார் துரைசாமி. என் இடது கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது.

"கை மாத்துங்கக்கா. போலோவுல லெஃப்ட்ல ஆட உடமாட்டாங்க. எல்லாருமே சோத்துக்கைதானுங்க."

அக்கா, எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கம்பைக் கீழே போட்டுவிட்டு கேட்டைப் பார்த்து நடந்துவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? சின்ன வயதில், அம்மாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போன பிறகு, பனியன் வேஸ்ட் துணியால் என் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, வலது கையால் சாப்பிடு, வலது கையால் எழுது என்று நீ எதிரே உட்கார்ந்திருப்பாய். நான் எவ்வளவு அழுதாலும் அவிழ்க்க மாட்டாய்.

உன் மகள் கவிதாவின் நிச்சயதார்த்தத்திலும் அதே கதைதான். நான் இடது கையில் கரண்டி பிடித்துப் பரிமாறிக்கொண்டிருந்தேன். "கண்ணு, சோத்துக்கைல போடு, எல்லாரும் பாக்கறாங்க" என்று நீ மெதுவாகத்தான் சொன்னாய். "என் கையக் கட்டிப் போட்டவதான நீ? சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்று நான் பந்தியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அதன் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. நாற்பது நாளில் உனக்கு நெஞ்சுவலி வந்து எல்லாம் முடிந்துபோனது. யார் சாகிற வரைக்கும் என்று சொன்னேன் என்பதை நினைத்து நினைத்தே என் நாட்கள் போயின.

துரைசாமி கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அந்தக் கை மட்டம்னு இல்லீங்க. எதுத்தாப்புல இன்னொருத்தரு அதே வேகத்துல பந்துக்கு வருவாருங்க. ரெண்டு பேரும் சோத்துக்கைல அடிச்சாத்தான் அவரு அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம்னு போவீங்க. நீங்க மட்டும் மாத்திப் புடிச்சா நேருக்கு நேரா மோதிருவீங்க. உங்களுக்கு அடிபடக் கூடாதுன்னுதானுங்க அந்த ரூலு."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீயும் அதற்குத்தான் பயந்தாயா, அக்கா? பீச்சாங்கைப் பிள்ளையை எவன் கட்டுவான் என்று சொந்தக்காரர்கள் பேசியதெல்லாம் உன் காதில்தானே முதலில் விழுந்தது? நான் போய் யார் மேலாவது மோதிக்கொள்வேன் என்றுதான் கட்டினாயா? நீ செய்தது சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பிப் போய்க் கம்பை எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக ஆட்டத்தில் இறங்கினேன். பக்கத்துக்கு மூன்று பேர், குதிரை மெதுவாக ஓடுகிற வேகம்தான். வலது கையில் கம்பு, இடது கையில் கடிவாளம். "உங்க லெஃப்ட் கை பதமா இருக்குதுங்கக்கா, குதிரைக்கு வாய் நோவாது" என்கிறார் துரைசாமி. எதிரே ஒருவர் பந்துக்கு வந்தார். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், அவ்வளவுதான். பந்தைக் கோட்டை விட்டேன், அது வேறு விஷயம். இறங்கும்போது உடம்பெல்லாம் வலி, மனது மட்டும் அப்படி லேசாக இருந்தது.

பார்க்க வந்திருந்த கவிதாவோடு தென்னை நிழலில் உட்கார்ந்து, கை கட்டிய கதையை முதல்முறையாக அவளிடம் சொன்னேன். உன்னைக் குறை சொல்கிறேன் என்று வருத்தப்படுவாளோ என்று பயந்தேன். அவள் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எங்கம்மாவுக்கு என்ன வயசுங்க சித்தி?"

எனக்கு ஏழு. அப்படியானால் உனக்குப் பதிமூன்று. வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. பதிமூன்று வயதில் ஒரு வீட்டையும் ஒரு தங்கச்சியையும் உன் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். முப்பத்தாறு வருடமாக நான் ஒரு சின்னப் பெண்ணிடம் கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அக்கா.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் உன் வருஷத் திதி. விடிந்ததும் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். யார் பார்த்தாலும் சரி, உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, உனக்காக ஆசை தீர அழுவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
சாந்தி