நீர்மட்டத்துக்குக் கீழே

அஸ்தம்பட்டி, சேலம்
10.6.1984

அன்புள்ள கந்தவேலுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் உன்னோடு கப்பலில் இருப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் அதே எண்ணெய்க் கப்பலில் மறுபடியும் வளைகுடாவுக்குப் போகக் கம்பெனியில் கேட்கிறார்கள் என்று நீ எழுதியது வந்தது. அப்பா படித்துவிட்டு, அவன் இஷ்டம் என்றார்.

இங்கே மழை இல்லை. கல்லூரி இன்னும் திறக்கவில்லை.

உன் கப்பலை அப்பா செய்துவிட்டார். ஆயிரத்து இருநூறில் ஒரு பங்கு அளவு. அங்கே ஒரு தெரு நீளம் இருப்பது இங்கே ஒரு சாண். வெட்பாலைக் கட்டையில் செதுக்கியது. உயிர்காப்புப் படகு ஓர் அரிசி மணி. கைப்பிடிக் கம்பிகளுக்குப் பழைய மோட்டார் காயிலின் செம்பு இழை. நீ அனுப்பிய போட்டோக்களிலிருந்து அவர் போட்ட அளவுகளை நான் சரிபார்த்தேன். கணக்கு சொல்லித்தருபவள், எங்காவது பிழை கிடைக்கும் என்று நம்பித்தான் உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. மெட்ராஸ் கடற்கரையைத் தவிரக் கடல் பார்க்காத ரயில்வே குமாஸ்தாவுக்கு இது எப்படிக் கைவந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

இவ்வளவு சிறிய அளவில் கப்பலை நீர்மட்டத்தோடு வெட்டி, நீலம் பூசிய பலகையில் ஒட்டுவதுதான் வழக்கமாம். அப்படியே ஒட்டினார். பால் ஊற்ற வந்த பாவாயி குனிந்து பார்த்து, "பாதிதானுங்க இருக்குது. நம்ம தம்பி இதுல எங்கீங்க நிக்குது?" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே இடுக்கியால் காட்டப் போனார். இடுக்கி மேல்தளத்தின் பின்பக்கம் போனது, அங்கிருந்து கீழே இறங்கியது, நீலப் பலகையில் நின்றது. நீ வேலை செய்யும் இன்ஜின் அறை தண்ணீருக்கு அடியில் அல்லவா.

"பையன் இருக்கற எடத்தையே வெட்டி எறிஞ்சுட்டனே" என்றார். பாவாயி பால் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலைச் செய்தியில் வளைகுடாவில் நடக்கும் சண்டையில் ஓர் எண்ணெய்க் கப்பல் குண்டுபட்டு எரிவதாகச் சொன்னார்கள். பெயர் வேறு. அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு, பிளேடால் கப்பலைப் பலகையிலிருந்து பெயர்த்தார். லீவே போடாதவர் லீவு போட்டு அடிப்பாகம் முழுவதையும் செதுக்கிப் பொருத்தி, சுக்கான் வைத்து, சிவப்பு பூசினார். இணைத்த இடம் எனக்குத் தெரியவில்லை. சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் முடியும்வரை பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே என்று அவர் உன்னிடம் சொல்ல மாட்டார். உன் வேலைமேல் அவருக்கு அத்தனை மதிப்பு. எனக்கும் உண்டு, நேரில் சொன்னதில்லை. அந்த மதிப்போடுதான் கேட்கிறேன்: இந்தத் தடவை வேண்டாம். பிறகு வேறு கப்பல், வேறு கடல் பார்த்துக்கொள்ளலாம். தலைக்கு மேல் தண்ணீர் இல்லாத இடத்தில் நீ கொஞ்ச நாள் தூங்க வேண்டும்.

வந்துவிடு சாமி.

அம்மா