அந்த என்ஜினைக் கழற்றச் சொல்லிவிட்டேன்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு ஒன்றரை வருடமாகிறது. அடுத்த அறையிலிருந்து 'என்ன மகேஸ்' என்று நீங்கள் கேட்பது போலவே இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிடத்திலும்.

நம் காரின் என்ஜினை மாற்றியாகிவிட்டது. உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

நம் எதிர்வீட்டு ராஜம்மாவுக்கு எனக்கு வந்த அதே மார்புப் புற்றுநோய். வாரம் ஒரு முறை அவளை நான்தான் சுங்கை பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். கீமோவுக்காக என்னை வைத்து நீங்கள் ஓட்டிய அதே சாலை. எஸ்டேட்டிலிருந்து அவ்வளவு தூரம் பஸ் மாறிப் போகிற உடம்பா அது? எனக்குத் தெரியாதா?

போன மாதம் ஒரு காலை. கோல கெட்டில் தாண்டி, இருபுறமும் ரப்பர் மரங்கள் வரும் இடம். சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது. கார் இழுக்கவில்லை. மிதித்தாலும் உறுமியதே தவிர வேகம் வரவில்லை. பானெட்டின் ஓரங்களிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

"அக்கா, புகை வருது. எறங்கிடலாமா?" என்றாள் ராஜம்மா, பின்சீட்டிலிருந்து.

பக்கத்து சீட்டிலிருந்து நீங்கள் பேசியது கேட்டது. "ஏர்கோன அடச்சிடு மகேஸ், என்ஜின் சூடு கொறையட்டும். ஓரமா நிப்பாட்டு. பயப்படாத." நீங்கள் போன அன்று சொன்னதே, அதே மூச்சிரைப்போடு.

ஒன்றரை வருடத்துக்கு முன் அந்த மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்தபோது, ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டாம், நாமே போய்விடலாம் என்றது நீங்கள்தான். சாவியை என் கையில் கொடுத்தீர்கள். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் எடுத்தேன். இதே சாலையில், இதே மரங்களுக்கு நடுவில் கார் நின்றது. ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் வேனை நிறுத்தி உங்களைத் தூக்கி வைக்கும்வரை எத்தனை நிமிடம் நின்றோம்? இருபதா, நாற்பதா? ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கை வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. பதில் எதுவாக இருக்குமோ என்று பயம்.

அதற்குப் பிறகு என் தம்பி எங்கேயோ கொடுத்துக் காரை ஓடவைத்தான். நானும் ஓட்டினேன். அந்த என்ஜின் விட்டுவிட்டு இருமும்போதெல்லாம், காலையில் நீங்கள் தொண்டையைச் செருமுவது போலக் கேட்கும். அதைக் கேட்கவே சில நாள் எங்கும் போகாமல் வாசலில் ஸ்டார்ட் செய்து உட்கார்ந்திருக்கிறேன். இதையெல்லாம் யாரிடம் சொல்ல முடியும்?

போன மாதம் அந்தக் காலையில் ராஜம்மாதான் என் தோளை உலுக்கினாள். முடி கொட்டிய தலையில் கட்டிய துணி காற்றில் படபடக்க, அவளே இறங்கிப் போய் ஒரு காரை நிறுத்தினாள். நோயாளி அவள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு சேகரிடம் போனேன். நீங்கள் எப்போதும் காரை ரிப்பேருக்குக் கொடுக்கும் ஃபோர்மேன். நீங்கள் போன பிறகு அந்தப் பட்டறைப் பக்கமே நான் தலைகாட்டவில்லை. அவர் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பால் கலந்த காப்பி மாதிரி இருந்தது.

"தண்ணி ஆயில்ல கலந்திருச்சிக்கா. மேல்பகுதி வெடிச்சிருக்கு. ஓவர்ஹால் பண்ணலாம், ஆனா எத்தன நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. ஜப்பான்லேருந்து வர்ற பழைய என்ஜின் நல்லதா ஒண்ணு பாத்து மாட்டிடலாம். அதான் நல்லது."

"இதே என்ஜின சரி பண்ணுங்க," என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"அக்கா, இது அண்ணன் இருக்கும்போதே போன என்ஜின். மாத்திடுங்கன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். பத்து நாளு காடிய இங்க பட்டறையில விட்டுட்டுப் போங்கன்னேன். 'அவளுக்கு மருந்து ஏறிக்கிட்டிருக்கு சேகரு. நடுவுல ஜுரம் வந்தா யார் வீட்டுக் கதவத் தட்டுறது? அவளுக்கு முடியட்டும், அப்புறம் கொண்டாறேன்'னாரு. தெனமும் தண்ணி ஊத்தித்தான் ஓட்டுனாரு."

பட்டறைக்கு வெளியே வந்து ரோட்டோரம் நின்றேன். தினமும் காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பீர்களே, காரைக் கொஞ்சுகிறீர்கள் என்று கேலி செய்தேனே. ஒன்றரை வருடமாக, தண்ணீர் பார்க்காத என் கையைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன். என்ஜின் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காக அந்த என்ஜினை வைத்திருந்தீர்கள். அந்த என்ஜின் உங்களை வழியில் விட்டது. இப்போது நான் உங்கள்மீது கோபப்படுவதா, உங்கள் காலில் விழுவதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பியின் காரைக் கேட்டிருப்பேனே!

பினாங்கில் வேலை செய்யும் நம் மகள் கவிதாவுக்குப் போன் செய்தேன். "அந்தக் காடி வேணாம்மா. பழைய இரும்புக்குத் தள்ளிடு. அத நெனச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குதும்மா" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் அடுத்த வாரம் ராஜம்மா எதில் போவாள்? வாரா வாரம் தம்பியின் காரைக் கேட்க முடியுமா? உடனே இன்னொன்று வாங்க நான் எங்கே போவேன்?

"வேற என்ஜின் மாட்டிடுங்க தம்பி," என்று சேகரிடம் சொன்னேன். "பழசக் கழட்டும்போது நான் பக்கத்துல இருக்கணும்."

சங்கிலியில் தொங்கி அது மெல்ல மேலே வந்தது. கறுப்பாக, ஆயில் சொட்டச் சொட்ட. பயந்துகொண்டே கையை வைத்தேன். சில்லென்று இருந்தது, ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தொட்ட உங்கள் கை மாதிரி. பிறகு அதைத் தரையில் இறக்கி மூலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

புதிதாக மாட்டியதை ஸ்டார்ட் செய்தபோது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் சீராக இருந்தது. நீங்கள் அதில் இல்லை. எவ்வளவு நேரம் கேட்டும் இல்லை. நேற்று ராஜம்மாவைக் கூட்டிப் போய் வந்தேன், எங்கும் நிற்காமல்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன செக்கப்பில் என் இடது பக்க மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்றார்கள். வருகிற வாரம் மறுபடி டெஸ்ட். இதைக் கவிதாவிடம் நான் சொல்லவில்லை. வேலைக்கு நடுவில் பிள்ளை எதற்குக் கலங்க வேண்டும், முடிவு வரட்டும் என்றுதான் இருந்தேன். நீங்கள் செய்ததையே நானும் செய்துகொண்டிருக்கிறேன், இல்லையா?

உங்கள்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இனி மறைக்க மாட்டேன். போன் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தப் பேனாவை மூடி வைத்ததும் பிள்ளையைக் கூப்பிட்டு, "அம்மாவுக்குப் பயமா இருக்கு, கெளம்பி வா" என்று சொல்லப் போகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி,
மகேஸ்வரி